நெற்றிமுடியும் நெற்றிக்கண்ணும்

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற ஐயம் ஒரு பாண்டியனுக்கு வந்தது. அதற்காகப் பொற்கிழி கட்டப்பட்டது. புலவர் அவை கூடியது. இறைவனே பாட்டெழுதிக் கொடுக்க நேர்ந்தது, நக்கீரர் அதிலும் குற்றம் கண்டார், நெற்றிக்கண் திறந்தது. திருவிளையாடற் புராணம் சொல்லும் இக்கதையைப் பள்ளிப் பருவத்திலிருந்தே அறிந்தவர்கள் நாம். ஆகவே பெண்களின் முன்நெற்றியில் விழும் ஒரு கொத்து முடியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால், இலக்கிய வாசகர்கள் அதனை அற்பப் பொருள் என்று ஒதுக்கமாட்டார்கள் என நம்புகிறோம். கூந்தலுக்காக அவை கூட்டிய மரபு நம்முடையது. அந்த அவையில் கூந்தலுக்கு உரிய பெண் ஒருத்தியேனும் அமர்ந்து கருத்துச் சொன்னதாகக் கதையில் இல்லை என்பதையும் இங்கே சேர்த்து நினைவுகூர்வது நல்லது. நாம் எழுத வந்ததும் அதே போன்ற ஓர் அவையைப் பற்றித்தான். அந்த அவையில் நாமும் ஓர் உறுப்பினர்.

நாம் வசிப்பது அயோத்தியாப்பட்டணத்தில். சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், கோதண்டராமர் கோயிலால் பெயர்பெற்ற ஊர். அங்கிருந்து நாள்தோறும் பேருந்தில் நகரத்துக்குச் சென்று ஒரு கல்லூரியில் தமிழ் பயிற்றுவிக்கிறோம். அதே பேருந்தில் நம் மாணவியர் சிலரும் வருவர். பெரும்பாலோர் தம் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் தலைமுறையினர். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் தந்தை, வீட்டிலிருந்தபடியே கொலுசுக்கு அரும்பு கோக்கும் தாய் என்று அமைந்த வீடுகளிலிருந்து வருகிறவர்கள்.

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் அவர்களுள் ஒருத்தி தன் முன்முடியை வெட்டி, புருவத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி விட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். இரண்டாம் வரிசையில் அமர்பவள். ஐயம் தோன்றினால் எழுந்து கேட்பவள். அன்று நாம் நடத்திக்கொண்டிருந்தது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். காதல் கொண்ட பெண்ணின் மெய்ப்பாடுகளுள் ஒன்றாகத் தொல்காப்பியர் 'கூழை விரித்தல்' என்பதைச் சொல்கிறார் அல்லவா, அந்தப் பகுதி. முடியின் சிறு அசைவும் ஒரு மொழி என்று விளக்கிவிட்டு, நம் கண் அந்தப் பெண்ணின் மேல் விழுந்தது. "என்னம்மா, நெற்றிக்குக் கூரை வேய்ந்திருக்கிறாய், மழை ஒழுகுகிறதா?" என்று கேட்டோம். வகுப்பு சிரித்தது. நமக்கும் நம் சொல்லில் ஒரு சிறிய பெருமை இருந்ததை மறைக்கப் போவதில்லை.

மறுநாள் அந்த முடி மூன்று கறுப்பு ஊசிகளால் பின்னுக்கு இழுத்துக் குத்தப்பட்டிருந்தது. அந்த வாரமே அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். ஐயம் கேட்பதும் நின்றது.

பதினைந்து நாள் கழித்து ஒழுங்குமுறை பற்றிய ஆசிரியர் கூட்டம் ஒன்று நடந்தது. மாணவர்களின் தாடி, கைக்காப்பு, கிழிசல் கால்சட்டை ஆகியவற்றோடு ஒரு வரி சேர்க்கப்பட்டது: மாணவியர் முன்முடியை வெட்டி நெற்றியில் விடுதல் கூடாது. சுற்றுக்கு வந்த தாளில் எல்லோரும் கையொப்பமிட்டார்கள். நாமும் இட்டோம். படித்துப் பார்த்துத்தான் இட்டோம்.

ஒரு மாலை, பேருந்து நிறுத்தத்தில் அவளிடம் பேச வாய்ப்புக் கிட்டியது. உள்ளுக்குள் ஓர் உறுத்தல் இருந்ததால் நாமே பேச்சைத் தொடங்கினோம். நெற்றியில் ஏதேனும் தழும்பு உண்டா, அதை மறைக்கத்தான் அப்படி வெட்டினாயா என்று கேட்டோம். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தழும்பெல்லாம் ஒண்ணும் இல்லீங்கய்யா. பிடிச்சிருந்துச்சு, வெட்டிக்கிட்டேன். அவ்வளவுதானுங்க."

பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள். நாம் அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தோம். ஒரு தழும்போ தீக்காயமோ இருந்திருந்தால் நம் மனம் உடனே இளகியிருக்கும். மன்னித்தோம் என்று நிறைவும் கொண்டிருக்கும். 'பிடித்திருந்தது' என்னும் காரணம் நமக்குப் போதவில்லை. இருபதாண்டுகளாக அகத்திணையை, அதாவது விருப்பத்தின் இலக்கணத்தை, நடத்திவரும் ஒருவருக்குப் போதவில்லை. இக்கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம் கூட்டத்தில் முன்வைக்கப்பட்ட தடைகள் மூன்று. இது நம் மரபன்று என்பது முதலாவது. நெற்றி மறைவது மங்கலமன்று என்பது இரண்டாவது. இது திரைப்படத்தையும் கொரியத் தொடர்களையும் பார்த்துச் செய்யும் போலி என்பது மூன்றாவது. மூன்றையும் நாம் அன்று மறுக்கவில்லை. இன்று மறுக்க முயல்கிறோம்.

முதலில் மரபு. கூந்தலுக்குச் சங்கப் புலவர்கள் வழங்கிய பெயர்களில் ஒன்று ஐம்பால். முடி, கொண்டை, குழல், பனிச்சை, சுருள் என ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று உரையாசிரியர்கள் விளக்கம் தருவர். ஒரே தலைக்கு ஐந்து ஒப்பனை! ஓதி, கதுப்பு, கூழை, குழல், கூந்தல், அளகம் என்று சொற்களும் பல. இவற்றுள் அளகம் என்பதற்கு மூலமான வடசொல் நெற்றியில் புரளும் சுருள்முடியைக் குறிக்கும். கண்ணனுக்குக் குழல் வாரிவிட வரும்படி காக்கையை அழைத்து ஒரு பதிகமே பாடியிருக்கிறார் பெரியாழ்வார். தமிழ் மரபில் முடி ஒருபோதும் ஒரே வடிவில் உறைந்து நின்றதில்லை.

ஆண்களின் தலையைப் பாருங்கள். முன்குடுமி வைத்த சோழியரும் பின்குடுமி வைத்தவர்களும் ஒரே ஊரில் வாழ்ந்தார்கள். 'சோழியன் குடுமி சும்மா ஆடுமா' என்னும் பழமொழியே நெற்றிப் பக்கம் முடியப்பட்ட குடுமியிலிருந்து பிறந்ததுதான். தில்லை தீட்சிதர்களின் குடுமி இன்றும் முன்பக்கம்தான். பிறகு வெள்ளையர் ஆட்சியில் கிராப்பு வந்தது. குடுமியை எடுத்த பிள்ளையைத் தலைமுழுகிய தந்தையர் இருந்தனர். இன்று நம் ஆசிரியர் கூட்டத்தில் மரபைப் பற்றிப் பேசிய ஆண்கள் அனைவரும் கிராப்புத் தலையர்களே, நாமும் அப்படியே. மாணவியர்க்கு மரபு என்று நாம் பரிந்துரைக்கும் ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை எந்தத் திணையில் வருகிறது என்று யாராவது கேட்டால் நம்மிடம் விடை இல்லை. ரிப்பன் என்னும் சொல்லே கப்பலேறி வந்ததுதானே.

இரண்டாவது தடை சற்று ஆழமானது. அதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. நம் ஊர்ப் பெரியவர்கள் பெண்ணின் தலையருகே கத்தரிக்கோல் வருவதை அஞ்சுவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சில சாதிகளில் கணவனை இழந்த பெண்ணின் தலையை மழித்தார்கள். பகைவரின் மகளிர் கூந்தலைக் களைந்து கயிறாகத் திரித்த நன்னனின் கொடுமையை நற்றிணைப் பாடல் ஒன்று உவமையாகக் கையாளுகிறது. பெண்ணின் முடி வெட்டப்பட்ட இடங்களிலெல்லாம் அது தண்டனையாகவோ இழப்பாகவோ இருந்திருக்கிறது. கோயிலில் முடி இறக்குவது மட்டுமே விலக்கு, அது நேர்த்திக்கடன். ஆகவே பாட்டிமார் முகம் சுளிப்பதில் ஒரு பழைய துயரம் இருக்கிறது. ஆனால் அந்தத் துயரத்தின் வேர், முடி வெட்டப்பட்டதில் இல்லை. அவள் விருப்பமின்றி வெட்டப்பட்டதில் இருக்கிறது. மழிக்கச் சொல்லும் அதிகாரமும் வெட்டாதே என்னும் அதிகாரமும் ஒரே கையில்தான் இருக்கின்றன. பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் என்று பெரியார் எழுதியதும் பேசியதும் இந்தக் கையை மனத்திற்கொண்டுதான். 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது நம் சேலத்தில் நடந்த மாநாட்டில். அந்த நகரத்துக் கல்லூரி ஒன்றில், எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, நெற்றிமுடிக்குத் தடை விதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

நெற்றியைப் பற்றி இன்னும் ஒன்று. பழைய பாடல்களில் பெண்ணின் நெற்றி எப்படிப் புகழப்படுகிறது? ஒண்ணுதல், வாணுதல், பிறைநுதல், சிறுநுதல். பிறை என்பது சிறியது. சிறுநுதல் என்று வெளிப்படையாகவே சிறுமை போற்றப்படுகிறது. அகன்ற நெற்றியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டும் இந்த முன்முடி, உண்மையில் சங்கப் புலவர்களின் அழகுக் கொள்கைக்கு அணுக்கமானது என்று வாதிட்டால் நம் துறைத் தலைவர் என்ன சொல்வாரோ தெரியாது.

மேலும், நெற்றி என்பது பிறர் படிக்கும் ஏடாகவும் இருந்திருக்கிறது. தலைவியின் பிரிவுத் துயரம் நுதலில் பசலையாகப் படரும். தோழி அதைக் காண்பாள், செவிலி காண்பாள், பிறகு ஊரே காணும், அலர் எழும். திருக்குறளின் 'உறுப்புநலன் அழிதல்' அதிகாரத்திலும் நுதல் பசப்பது பேசப்படுகிறது. பெண்ணின் நெற்றி எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதில், அந்த ஏட்டைப் படிக்கும் உரிமையை இழக்க மனமில்லாமையும் கலந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. பொட்டு மறைகிறதே என்பார்கள். முன்முடியின் கீழும் பொட்டு வைக்கலாம். புருவங்களுக்கு நடுவே வைப்பதுதானே வழக்கம். திருநீறு பூசுவோர் முடியை ஒதுக்கிப் பூசிக்கொள்வர். கடவுளுக்கு அதில் வருத்தம் இருக்க வழியில்லை.

மூன்றாவது தடை, போலச் செய்தல். இங்கே ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். 1960இல் 'லவ் இன் சிம்லா' என்னும் இந்திப் படம் வெளிவந்தது. இயக்கியவர் ஆர். கே. நய்யார். நாயகி சாதனா, கராச்சியில் பிறந்து பிரிவினையின்போது குடும்பத்தோடு பம்பாய்க்கு வந்தவர். அவருக்கு நெற்றி அகலம் மிகுதி. அது திரையில் உறுத்தியதால், ஆலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் பாணியில் முன்முடியை வெட்டி நெற்றியில் விடச் செய்தார் நய்யார். படத்தைக் காட்டிலும் அந்த முடி புகழ்பெற்றது. 'சாதனா கட்' என்னும் பெயரில் அது நாடெங்கும் பரவியது. இந்தியை எதிர்த்துக் கிளர்ந்த அறுபதுகளின் தமிழ்நாட்டிலும் சாதனா கட் தடையின்றி நுழைந்தது என்பது வரலாற்றின் குறும்பு. 2015இல் சாதனா மறைந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளிலும் அந்த முன்முடி தவறாமல் இடம்பெற்றது. குறையாகக் கருதப்பட்ட ஒன்றிலிருந்து ஒரு தலைமுறையின் ஒப்பனை பிறந்தது.

நம் பக்கத்தில் அதன் பயன் வேறு விதமாக அமைந்தது. முடி இறக்கிய குழந்தைக்கு மறுபடி முடி வளர்ந்து கண்ணில் விழும் பருவத்தில், சடை பின்னும் நீளம் வரும்வரை, தாய்மார் நெற்றியில் நேராக வெட்டிவிடுவார்கள். சாதனா கட் என்றே அதற்கும் பெயர். நம் வீட்டுப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் நம் தமக்கையார் மூன்று வயதில் அத்தகைய வெட்டுடன் நிற்கிறார். அதைக் கண்டு யாரும் மரபு அழிந்தது என்று சொல்லவில்லை. குழந்தைக்கு ஆகும் வெட்டு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு ஆகாது என்றால், சிக்கல் வெட்டில் இல்லை, வயதில் இருக்கிறது. அதாவது, அவள் இப்போது தானே கண்ணாடி முன் நின்று முடிவெடுக்கிறாள் என்பதில் இருக்கிறது.

இன்றைய மாணவியர் சாதனாவை அறியார். 2020இன் பொதுமுடக்க நாட்களில் கைப்பேசி வழியே கொரியத் தொடர்கள் நம் வீடுகளுக்குள் பெருகி வந்தன. மெல்லிய, இடைவெளி தெரியும் முன்முடி அங்கிருந்து வருகிறது. அதனால் என்ன? 1930களிலேயே டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவிய ஊர் சேலம். திரையைப் பார்த்துத் தலை வாரிக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதன்று. நம் தந்தையார் தலைமுறை எந்த நடிகரைப் பார்த்து நெற்றியில் ஒரு சுருளை இழுத்துவிட்டுக்கொண்டது என்று அவரவர் வீட்டுத் திருமண ஆல்பங்களே சொல்லும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, விருப்பம் என்று வந்துவிட்டால் அறிவைக் கழற்றி வைத்துவிடலாம் என்பது நம் கருத்தன்று. தேர்வதிலும் பேணுவதிலும் ஓர் அறிவு வேண்டும். அதை அறிய, நம் துணைவியார் செல்லும் அழகுநிலையத்தை நடத்தும் அம்மையாரிடம் அரைமணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இருபதாண்டுத் தொழில் அனுபவம் உள்ளவர். அவர் கூறியவற்றைச் சுருக்கித் தருகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது முகமன்று, சுழி. நெற்றி விளிம்பில் சுழி உள்ளவர்களுக்கு முன்முடி நேராக விழாது; பிளந்து நிற்கும். அவர்கள் ஒரு பக்கமாகச் சாய்த்து விடுவதே தக்கது. அடுத்தது முடியின் இயல்பு. நம் பகுதிப் பெண்களில் பலருக்கு அலைமுடி. நனைந்த நிலையில் புருவம் வரை அளந்து வெட்டினால், உலர்ந்ததும் அது மேலேறி நடு நெற்றியில் நிற்கும். ஆகவே உலர்ந்த முடியில், வேண்டியதைவிட ஒரு விரற்கடை நீளமாக வெட்டி, பிறகு சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். "வெட்டுனதை ஒட்ட முடியாதுங்க சார்" என்றார். சுருள்முடி மிகுந்தவர்கள் சூடான கருவியால் நாள்தோறும் நீட்டிக்கொண்டிருப்பதை அவர் ஏற்கவில்லை. முடி கருகி முனை பிளக்கும். சுருளைச் சுருளாகவே நெற்றியில் விடலாம் என்கிறார். அளகம் என்னும் சொல்லை அவர் அறியமாட்டார், பொருளை அறிந்திருக்கிறார்.

அகன்ற நெற்றிக்கு அடர்த்தியான நேர்வெட்டு பொருந்தும். குறுகிய நெற்றிக்கு அது முகத்தை அமுக்கிவிடும். மெல்லிய கொத்து போதும். வட்ட முகத்துக்கு நடுவில் பிரித்து இரு பக்கமும் திரைச்சீலை போல் விடுவது பொருத்தம். மூக்குக்கண்ணாடி அணிவோர் சட்டத்தின் மேல் விளிம்பைத் தொடாத அளவு வைத்துக்கொள்ள வேண்டும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை முனை வெட்ட வேண்டும். இதைச் செய்ய நேரமோ பணமோ இல்லாதவர்கள் தொடங்காதிருப்பதே மேல்.

பேணுவதில் நம் ஊர் வெயிலும் தண்ணீரும் இரு பெரும் சோதனைகள். நெற்றி வியர்க்கும், எண்ணெயும் சுரக்கும். அந்த ஈரத்தில் முடி ஒட்டிக் கிடந்தால் பருக்கள் வரும். ஆகவே தலைக்கு எண்ணெய் வைக்கும்போது முன்முடியை விட்டுவிட்டுப் பின்பகுதிக்கு மட்டும் வைக்க வேண்டும். தலை முழுவதையும் நாள்தோறும் அலச வேண்டியதில்லை; முன்முடியை மட்டும் முகம் கழுவும்போது ஒரு துளி ஷாம்பூவால் அலசிக்கொள்ளலாம். ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் முடியை முரடாக்கும் என்பதால், கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீர் விட்டால் நலம். இரவில் படுக்கும்போதும், அடுப்பருகே நிற்கும்போதும், ஆய்வகத்திலும் ஊசி குத்திப் பின்னுக்கு ஒதுக்கிக்கொள்ள வேண்டும். தலைக்கவசம் அணிந்து வண்டி ஓட்டுபவர்களுக்குச் சட்டைப்பையில் ஒரு சிறு சீப்பு போதும். பொடுகு இருந்தால், அது தீரும்வரை வெட்டுவதைத் தள்ளிப் போடலாம்.

இவ்வளவுதான். ஒரு சீப்பு, ஒரு ஊசி, ஒரு செம்புத் தண்ணீர் ஆகியவற்றால் தீரக்கூடிய ஒன்றுக்கு நாம் ஒரு கூட்டமும் ஒரு சுற்றறிக்கையும் செலவிட்டோம். ஆய்வகத்தில் முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதற்குக் காரணம் நெருப்பு. நெற்றியில் முடி விழக்கூடாது என்பதற்கு அப்படி ஒரு காரணத்தைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. காரணம் சொல்ல இயலாத விதிக்கு ஒழுக்கம் என்று பெயர் சூட்டுவது, ஒழுக்கம் என்னும் சொல்லுக்குத் திருவள்ளுவர் தந்த இடத்தை நாமே குறைப்பதாகும்.

இனி நம் பங்கு. அடுத்த கூட்டத்தில் அந்த வரியை நீக்க வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டோம். பிறகு பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்க்கவில்லை, நாமும் விடுவதாக இல்லை. கூரை வேய்ந்ததாகக் கேலி செய்த அதே வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும், அன்று நாம் சொன்னது தவறு என்று சொன்னோம். தனியே அழைத்து மன்னிப்புக் கேட்பது நமக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் சிரிப்பு பொதுவில் எழுந்தது. ஆகவே திருத்தமும் பொதுவில்தான் நிகழ வேண்டும்.

அந்தப் பெண் தலையசைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் பத்துத் திங்கள் கழிந்திருந்தன. முன்முடி வளர்ந்து, ஊசி தேவைப்படாமல், காதுக்குப் பின்னால் சென்று பின்னலோடு சேர்ந்துவிட்டிருந்தது. நாம் கையொப்பமிட்ட அந்த வரியை அவளுடைய தலை நிறைவேற்றி முடித்துவிட்டது.

இந்த ஆண்டு அவள் மறுபடியும் மூன்றாம் வரிசைக்கு வந்திருக்கிறாள். சென்ற வாரம் ஓர் ஐயம் கேட்டாள். கூழை விரித்தல் என்பதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம் சரிதானா, அவள் தனக்காகவே விரித்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று. நாம் உடனே விடை சொல்லவில்லை. படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.